ஒரு எழுத்தும் மாறாத விடைத்தாள்

அந்த விடைத்தாளை விசாரணைக்கு அனுப்பியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு நடந்தவற்றைச் சொல்லும்போது விசாரணைக் குழு, மேற்பார்வையாளர், விதிமுறை என்று பலதும் வரும். அவற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எனக்குச் சுலபம்.

வெளிநாட்டில் பத்தொன்பது வருடம் பல்கலைக்கழகத்தில் கற்பித்துவிட்டுக் கொழும்புக்குத் திரும்பி வந்திருந்தேன். மனைவி இறந்த பிறகு அந்தக் குளிரில் தனியே இருக்க மனமில்லை. மகள் அங்கேயே தங்கிவிட்டாள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிரும் ஒரு மாடிவீட்டை வாடகைக்கு எடுத்தேன். பத்து நிமிட நடையில், காலி வீதியில், ஒரு தனியார் உயர்கல்வி நிறுவனம் இருந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டத்தை இங்கேயே ஆங்கிலத்தில் படித்து எடுக்கலாம். முன்பள்ளி ஆசிரியர்களுக்கான பட்டப்படிப்பில் குழந்தை வளர்ச்சி என்ற பாடத்தை எனக்குத் தந்தார்கள். வகுப்புகள் சனி, ஞாயிறுகளில்.

"எங்கட பிள்ளையள் வாயே திறக்காதுகள். நீங்க வெளியில படிப்பிச்ச ஆள். அதை மாத்தித் தாங்கோ" என்றார் நிறுவனத்தின் பணிப்பாளர்.

மாற்றத் தொடங்கினேன். மேசைகளை வட்டமாகப் போட்டேன். நோட்ஸ் தரமாட்டேன், பலகையில் எழுதமாட்டேன் என்றேன். வகுப்பில் பேசுவதற்கு இருபது புள்ளி ஒதுக்கினேன். "நான் சொல்வதை எனக்கே திருப்பிச் சொல்லாதீர்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், அதுதான் எனக்கு வேண்டும்" என்று முதல் நாள் ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

இருபத்திரண்டு பேர். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் கத்தோலிக்க இளைஞர்கள் நாலைந்து பேர், கல்கிசைப் பக்கத்துச் சிங்களப் பெண்கள், மலையகத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படித்துவிட்டு வந்த இருவர், முஸ்லிம் பெண்கள் சிலர். எல்லாரும் வட்டமாக இருந்து நிலத்தைப் பார்த்தார்கள். நான் கேள்வி கேட்பேன். மின்விசிறி சுற்றும். கடைசியில் நானே பதிலையும் சொல்வேன். அந்த மௌனத்தை முதலில் சோம்பல் என்று நினைத்தேன், பிறகு பயம் என்று நினைத்தேன். ஏன் பேசுவதில்லை என்று அவர்களிடம் ஒரு நாளும் கேட்கவில்லை.

கிராண்ட்பாஸிலிருந்து வந்த ஒரு பெண் எப்போதும் வாசலுக்குப் பக்கத்தில் உட்காருவார். முப்பது வயதைத் தாண்டியவர், இரண்டு ஆண் பிள்ளைகளின் தாய். பதினொரு வயதிலிருந்து ஏழு வருடம் பெண்களுக்கான அரபுக் கல்லூரியில் தங்கிப் படித்து, குர்ஆன் முழுவதையும் மனனம் செய்தவர். பிறகு வீட்டிலிருந்தே படித்து உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்திருந்தார். தன் தெருவிலுள்ள முன்பள்ளியில் ஒன்பது வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்து வந்தார். அங்கே பொறுப்பாசிரியையாக வேண்டுமென்றால் பட்டம் வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அதற்காகத்தான் இந்தப் படிப்பு. கணவருக்குப் பேலியகொடை மீன் சந்தையில் வேலை. விடியுமுன் போய்ப் பத்து மணிபோல் திரும்புவார். அதன் பிறகு பிள்ளைகளை அவரிடம் விட்டுவிட்டு இவர் பஸ் ஏறுவார்.

இரண்டாவது கிழமை வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு என் மேசைக்கு வந்தார்.

"சேர், நோட்ஸ் ஒண்டுமே தர மாட்டீங்களா?"

"இல்லை. கேட்டு யோசியுங்கோ. அதுதான் படிப்பு."

"அப்ப நீங்க செல்றத ஃபோன்ல ரெக்கோட் பண்ணிக்கொள்ளட்டா சேர்?"

"ஓம், தாராளமாச் செய்யுங்கோ."

அன்றிலிருந்து அவருடைய ஃபோன் என் மேசையின் ஓரத்தில் இருக்கும். அவர் வகுப்பில் ஒரு தடவையும் பேசவில்லை. பேச்சுக்கான இருபது புள்ளியில் அவருக்கு மூன்று போட்டேன்.

தவணை முடிவில் பரீட்சை வந்தது. சின்னக் குழந்தைகள் உலகத்தைத் தங்களை நடுவில் வைத்தே பார்க்கிறார்கள் என்பதை உதாரணத்துடன் ஆராயும்படி ஒரு கேள்வி. வீட்டில் உட்கார்ந்து தாள்களைத் திருத்திக்கொண்டு போனேன். அவருடைய தாளின் இரண்டாம் பக்கத்தில் எங்கேயோ கேட்டதுபோல் இருந்தது. மூன்றாம் பக்கத்தில் விளங்கிவிட்டது. நான் கேட்டுக்கொண்டிருந்தது என்னுடைய குரல். ஆறாவது கிழமை நான் பேசிய விரிவுரை, தொடக்கத்திலிருந்து முடிவுவரை, அதே ஒழுங்கில், அதே ஆங்கிலத்தில். இடையில் நான் சொன்ன பகிடியும் இருந்தது. "என் மகளுக்கு மூன்று வயது இருக்கும்போது, நிலா எங்கள் காருக்குப் பின்னால் ஓடி வருகிறது என்று அழுதாள்" என்று நான் சொன்ன உதாரணமும் இருந்தது. அவர் எழுதியிருந்தார்: என் மகளுக்கு மூன்று வயது இருக்கும்போது.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம்.

அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரியும். நானும் பாடமாக்கியே படித்தவன். வெளிநாட்டுக்குப் போன முதல் வருடம், புத்தகத்தில் இருந்ததை அழகாக எழுதிக் கொடுத்த என் கட்டுரையைப் பேராசிரியர் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இது புத்தகம். இதில் நீ எங்கே?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டார். அந்த நாளின் வெட்கம் பல வருடம் போகவில்லை. அதற்குப் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு வரியும் அந்த மனிதருக்குச் சொன்ன பதில்தான். சிவப்புப் பேனையால் அந்தப் பெண்ணின் தாளில் நான் எழுதியதும் அதே கேள்வி: இதில் நீங்கள் எங்கே? அதற்குக் கீழே, சொல்லுக்குச் சொல் பிரதி, விசாரிக்கவும், என்று குறித்து அலுவலகத்தில் கொடுத்தேன்.

ஒரு எச்சரிக்கையோடு முடியும் என்றுதான் நினைத்தேன். ஆனால் தாள் போன இடத்தில் பரீட்சை மேற்பார்வையாளரின் குறிப்பும் வந்து சேர்ந்தது. பரீட்சை நேரத்தில் அந்த மாணவியின் உதடு அசைந்துகொண்டே இருந்ததாம். கை அடிக்கடி காதுப் பக்கம் போனதாம். ஸ்கார்ஃபுக்குள் ஒலிக்கருவி இருந்திருக்கலாம் என்று ஒருவர் சொல்ல, அந்தச் சந்தேகம் பலமாகிவிட்டது. தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த அந்த ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இந்த நகரத்தில் ஸ்கார்ஃபைக் கண்டால் கண்கள் தாமாகவே ஒருமுறை நின்று போகும். படித்தவர்களின் கண்களும்தான்.

விசாரணை ஒரு புதன்கிழமை காலை. துறைத் தலைவி சிங்களப் பெண்மணி, ஓய்வுபெறும் வயதில் இருந்தவர், கடுமையானவர் அல்ல. அவருக்குப் பக்கத்தில் இரண்டாம் பரீட்சகரான இளைஞர் ஒருவர், பதிவாளர், பாட விரிவுரையாளர் என்ற முறையில் நான். அந்தப் பெண் கறுப்பு அபாயாவும் நரை நிற ஸ்கார்ஃபும் அணிந்து, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு எங்கள் முன்னால் உட்கார்ந்தார். பேச்செல்லாம் ஆங்கிலத்தில். எப்படி எழுதினீர்கள் என்று கேட்டதற்கு "பாடமாக்கி எழுதினேன்" என்றார். பதினாலு பக்கத்தையா என்றார் பரீட்சகர். ஓம் என்றார்.

"அப்படியென்றால் இப்போது சொல்ல முடியுமா?"

"முடியும்."

"அதற்கு முன்னால் ஸ்கார்ஃபைச் சோதிக்க வேண்டும்" என்றார் பதிவாளர். "பெண் ஒருவர்தான் சோதிப்பார்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் மேசையில் கிடந்த தாளைப் பார்த்தேன்.

பக்கத்து அறைக்கு அலுவலக உதவியாளரான பெண் அவரைக் கூட்டிக்கொண்டு போனார். பத்து நிமிடத்துக்கு மேலாகியிருக்கும். உதவியாளர் முதலில் வெளியே வந்து, என் பக்கம் குனிந்து தமிழில் மெதுவாகச் சொன்னார்: "ஒண்டும் இல்ல சேர். அவங்க அழுறாங்க. கொஞ்சம் இருங்க."

வந்து உட்கார்ந்தபோது அவருடைய முகம் கழுவியிருந்தது. ஸ்கார்ஃப் முன்பைவிட இறுக்கமாக ஊசி குத்தப்பட்டிருந்தது. கண்களை மூடினார். உடம்பு மிக லேசாக முன்னும் பின்னும் அசைந்தது. பிறகு சொல்லத் தொடங்கினார்.

சாதாரணமாக ஆங்கிலத்தில் ஒரு வசனத்தை முடிக்கத் தடுமாறும் அவர், எங்கும் தடுமாறவில்லை. நான் நிறுத்திய இடத்தில் நிறுத்தினார். நான் குரலை உயர்த்திய இடத்தில் உயர்த்தினார். ஒரு வசனத்தைத் தொடங்கிப் பிழைத்து, மன்னிக்கவும் என்று சொல்லித் திருத்தியிருந்தேன், அதையும் சொன்னார். விளங்காமல் சொல்லியிருந்தால் அப்படிச் சொல்ல முடியாது என்று எனக்கு அந்த நேரத்திலேயே பட்டது. பட்டதை நான் சொல்லவில்லை.

நிலாவின் இடம் வந்தபோது பரீட்சகர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உங்களுக்கு மகள் இருக்கிறாளா?"

"இல்லை. இரண்டு மகன்மார்."

"பிறகு ஏன் 'என் மகள்' என்று எழுதினீர்கள்?"

"அது சேருடைய மகள்."

"அப்படியானால் விரிவுரையாளரின் மகள் என்று எழுதியிருக்க வேண்டும்."

"சேர் 'என் மகள்' என்றுதான் சொன்னார்" என்றார் அவர், உண்மையிலேயே விளங்காமல்.

யாரோ சிரித்தார்கள். நானும் புன்னகைத்தேன் என்று நினைக்கிறேன். இல்லை என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

துறைத் தலைவி என் பக்கம் திரும்பி, ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். நான் சொல்லியிருக்கக்கூடியவை பல. பரீட்சையில் எதை எதிர்பார்க்கிறோம் என்று நான் அவர்களுக்கு ஒரு மாதிரி விடைகூடக் காட்டவில்லை என்று சொல்லியிருக்கலாம். ரெக்கோட் பண்ண அனுமதி கொடுத்தவனே நான்தான் என்று சொல்லியிருக்கலாம். அடுத்த மாதம் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட இருந்தது. அது மனதில் இல்லை என்றால் பொய். ஆனால் அதைவிட, அப்போதும் நான் சொன்னதுதான் சரி என்று நம்பினேன். "திருப்பிச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன்" என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. தீர்ப்பை எழுத அவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

ஒலிக்கருவி எதுவும் இல்லை. ஆனாலும் இன்னொருவரின் சொற்களைத் தன்னுடையதாகக் காட்டிய குற்றத்துக்காகப் பூச்சியம். ஒரு வருடம் கழித்தே திரும்ப எழுதலாம். பதிவேட்டில் குறிப்பு ஏறும்.

மாடிப்படி இறங்கும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவர் எனக்காக நின்றுகொண்டிருந்தார்.

"சேர், ஒண்டு கேக்கட்டா?"

"சொல்லுங்கோ."

"நாங்க குர்ஆன் ஓதக்குள்ள ஒரு எழுத்து மாறினா குத்தம். நீங்க செல்லித் தந்தத நான் அமானிதம் மாதிரி வெச்சிருந்த. ஒருத்தர் நம்பித் தந்த சாமான் மாதிரி. ஒரு எழுத்தும் மாத்தல்ல. இங்க மாத்தாட்டித்தான் குத்தம் எண்டு எனக்கு யாரும் செல்லல்லயே சேர்."

"யோசியுங்கோ எண்டு சொன்னனான்தானே" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு மெலிந்த பதில் என்று தெரிந்தது.

"யோசிக்காம பாடம் பண்ண ஏலுமா?" என்றார். குரலில் கோபம் இல்லை. "எங்கட மார்க்கக் கிதாபுல ஒரு கேள்விக்கு நாலு இமாம்மார் நாலு விதமாச் செல்லி ஈப்பாங்க. முதல்ல நாலையும் பாடம் பண்ணணும். பொறகு இவர் ஏன் இப்படிச் சென்னார், அவர் ஏன் அப்படிச் சென்னார் எண்டு பேசணும். செல்லித் தந்த உஸ்தாத்மார் முன்னுக்கு நாங்க வாதாடி ஈக்கிறம் சேர். ஆனா அதுக்கு மூணு வருஷம் போகணும். நீங்க எங்களுக்கு மூணு மாசம்தான் தந்தீங்க."

பதிலுக்கு நிற்காமல் அவர் கீழே இறங்கினார். போகும்போது, "நீங்க இருந்தீங்கதானே எண்டு நினைச்சித்தான் உள்ளுக்கு வந்த" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை மற்றப் பாடங்களின் வகுப்புக்கும் அவர் வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை.

இருபது வருடமாகக் கற்பித்தவன் நான். மனனம் செய்யும் மரபு என்றால் கேள்வி கேட்காத மரபு என்று ஒரு நாளும் சரிபார்க்காமல் நம்பியிருந்தேன். வகுப்பில் வட்டமாக உட்காரவைத்த இருபத்திரண்டு பேரில் வாதாடுவதற்கு முறைப்படி பயிற்சி பெற்றிருந்த ஒரே ஆள் அவர். அவருக்கு நான் மூன்று புள்ளி போட்டிருந்தேன்.

குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். எதிர்பார்ப்பை விளக்காதது என் தவறு, மாணவியின் மீது போட்ட தண்டனையை நீக்க வேண்டும் என்று. ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது: முடிவு இறுதியானது, உங்கள் கருத்து கோப்பில் சேர்க்கப்பட்டுள்ளது. விசாரணை நாளில் வாயால் சொன்னால் பலித்திருக்கக்கூடியதைக் கோப்புக்குள் எழுதிப்போட்டேன். ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.

அடுத்த தவணை வகுப்பை வேறுமாதிரித் தொடங்கினேன். மேசைகளைப் பழையபடி வரிசையாகப் போட்டேன். முதல் நாளே இரண்டு விடைத்தாள்களைக் கொடுத்தேன், ஒன்று சித்தியடையும், மற்றது அடையாது, ஏன் என்று வரிவரியாகக் காட்டினேன். ஒவ்வொரு கிழமையும் எழுதிய நோட்ஸ் கொடுத்தேன். முதலில் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். பிறகு இருவர் இருவராகத் தமிழிலோ சிங்களத்திலோ பேசச் சொன்னேன். அதற்குப் பிறகுதான், இந்தக் கருத்தோடு யார் சண்டை பிடிப்பார், என்ன சொல்லிப் பிடிப்பார் என்று கேட்டேன். ஐந்தாவது கிழமை ஒரு கை உயர்ந்தது. கொட்டாஞ்சேனை இளைஞன், பழைய வகுப்பில் சித்தியடையாமல் திரும்ப வந்தவன்.

"போன முறை ஏன் நீர் ஒண்டும் கதைக்கேல்லை?" என்று பிறகு அவனைக் கேட்டேன்.

"எங்கட ஸ்கூல்ல சேர், டீச்சர் கேள்வி கேட்டாலே ஆரையோ மாட்டப் போறார் எண்டுதான் அர்த்தம். நீங்களும் வட்டமா இருத்திப்போட்டு மாட்டப் பாக்கிறீங்க எண்டு நினைச்சம்."

அந்த அக்காவைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டேன். முன்பள்ளி இருக்கும் தெருவைச் சொன்னான்.

ஒரு ஞாயிறு பின்னேரம் கிராண்ட்பாஸுக்குப் போனேன். முன்பள்ளிக் கதவில் வேறொருவரின் பெயர் பொறுப்பாசிரியை என்று எழுதியிருந்தது. பக்கத்துக் கடையில் சிங்களத்தில் விசாரித்தேன். அவர் வேலையை விட்டுப் பல மாதமாயிற்று என்று சொல்லிக் கடைக்காரர் அவருடைய வீட்டைக் காட்டினார். கதவைத் திறந்தவர் கணவர்.

"வெள்ளவத்தை சேரா? வாங்க, உள்ளுக்கு வாங்க." என் குரலைக் கேட்டே கண்டுபிடித்துவிட்டார். "குசினில எந்த நேரமும் உங்கட சத்தம்தானே சேர். சமைக்கக்குள்ள, உடுப்புக் கழுவக்குள்ள. எனக்கே பாதி பாடம்." சொல்லிவிட்டுச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். "இப்ப எல்லாத்தையும் அழிச்சிட்டா."

அந்தப் பெண் உள்ளறையிலிருந்து வந்தார். மெலிந்திருந்தார். நான் எழுந்து நின்றேன்.

"நான் பிழை விட்டிட்டன். அதைச் சொல்லத்தான் வந்தனான்."

"ஓம் சேர்" என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அதை எதிர்பார்த்துத்தான் வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வருடம் முடியப் போகிறது, திரும்ப எழுதலாம், நானே தனியாகப் படிப்பித்துத் தருகிறேன் என்றேன். தலையை ஆட்டினார்.

"ஏலா சேர். படிப்புக்குப் பயமில்ல. அந்த ரூமுக்குள்ள ஸ்கார்ஃப கழட்டிக் கையில வெச்சிட்டு நின்ன. அந்த ஒஃபிஸ் நோனா முடிக்குள்ள எல்லாம் கை போட்டுப் பாத்தா. அவ மேல பிழையில்ல, அவக்கு சென்னத்த செஞ்சா. ஆனா அந்தக் கட்டடத்துக்குள்ள இனி எனக்குப் போக ஏலா."

தேநீர் வந்தது. குடித்தேன். புறப்பட எழுந்தபோது, "இப்ப புது ஆக்களுக்கு எப்படிச் செல்லிக் குடுக்கிறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"சத்தமா வாசிக்க வைக்கிறது நல்லம். ஆனா எல்லாரையும் ஒண்டா வாசிக்க வைக்காதீங்க சேர். பின்னுக்கு ஈக்கிற ஆள் வாய மட்டும் அசைப்பார். ரெண்டு ரெண்டு பேரா வைங்க. ஒருத்தர் பிழை விட்டா மத்தவர் திருத்துவார். அப்பதான் ரெண்டு பேருக்கும் தெரியும்."

ஒன்பது வருடம் வகுப்பறையில் நின்ற ஒருவர் பேசினார். அதைத் தன் தெருவுக்கு வெளியே சொல்ல அவருக்கு இனி இடமில்லை. அவர் சொன்னபடியே செய்கிறேன். நன்றாகத்தான் நடக்கிறது. சித்தியடைவோர் கூடியிருக்கிறார்கள் என்று பணிப்பாளர் கூட்டத்தில் என்னைப் பாராட்டினார். யார் சொல்லித் தந்தது என்று நான் சொன்னேன். குறிப்பெடுத்தவர் அதை எழுதவில்லை.

அந்த விசாரணையிலிருந்து நிறுவனம் தானும் ஒன்று கற்றுக்கொண்டது. ஸ்கார்ஃப் அணிபவர்கள் பரீட்சைக்கு முன் பக்கத்து அறையில் சோதிக்கப்பட வேண்டும் என்று ஒரு விதி வந்தது. காரணமாக ஒரு சம்பவம் என்று மட்டும் எழுதியிருந்தார்கள். எதிர்த்துப் பேசினேன், இந்த முறை வாயால், எல்லார் முன்னிலையிலும். கேட்டுக்கொண்டார்கள். விதி நிற்கிறது.

போன மாதப் பரீட்சைக்கு மூன்று பெண்கள் அந்த அறை வாசலில் வரிசையாக நின்றார்கள். ஒன்பது மணிக்கு நான் வினாத்தாளைக் கொடுத்தேன். கடைசிப் பெண் சோதனை முடிந்து பரீட்சை மண்டபத்துக்குள் வர ஒன்பது பத்து ஆகிவிட்டது. முடிவில் அவருக்குப் பத்து நிமிடம் கூடுதலாகக் கொடுத்தேன்.